முரசுக்குள் இருந்தவர்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், வேதாரண்யத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இவ்வுரையின் பொருள் ஒரு திரைப்படம். பத்தாண்டுகளாகக் கவிதையையும் கதையையும் ஆய்ந்துவரும் ஓர் அவையில் திரைப்படத்திற்கு என்ன வேலை என்று எவரேனும் கேட்டால் அக்கேள்வியில் நியாயம் உண்டு. அதற்கு இரண்டு விடைகள் உள்ளன. அந்தப் படத்தை உருவாக்கியவர் இந்த வேதாரண்யத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள திருத்துறைப்பூண்டியில் 1904இல் பிறந்தவர் என்பது ஒன்று. அப்படம் உருவான விதம், ‘ஒரு படைப்பு யாருடையது?’ என்னும் கேள்வியை நம் மொழியில் வேறெந்தப் படைப்பையும்விடக் கூர்மையாக எழுப்புகிறது என்பது மற்றொன்று. எழுதுகிறவர்கள் கூடியிருக்கும் அவையில் பேசத் தகுந்த கேள்வியே அது.

படத்தின் பெயர் ‘சந்திரலேகா’. உருவாக்கியவர் எஸ். எஸ். வாசன். வெளியான நாள் 1948 ஏப்ரல் 9.

வாசனின் இளமை பலரும் அறிந்தது. சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். தாயாரால் சென்னைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர். விளம்பரத் தொழிலில் இறங்கிப் பிழைக்கக் கற்றவர். 1928இல் பூதூர் வைத்தியநாதையரிடமிருந்து ‘ஆனந்த விகடன்’ இதழை வாங்கினார். அவர் எழுதிய ‘சதி லீலாவதி’ நாவல் 1936இல் திரைப்படமாயிற்று; எம்.ஜி.ஆர். திரையில் முதன்முதலாகத் தோன்றியது அதில்தான். பாபநாசத்தைச் சேர்ந்த இயக்குநர் கே. சுப்பிரமணியம் நடத்திவந்த படப்பிடிப்பு நிலையம் தீக்கிரையாகி ஏலத்திற்கு வந்தபோது, எண்பத்தாறாயிரம் ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட தொகைக்கு அதனை வாசன் எடுத்தார். அதுவே ஜெமினி ஸ்டூடியோ ஆயிற்று. ‘நந்தனார்’, ‘பால நாகம்மா’, ‘மங்கம்மா சபதம்’ ஆகியவை அங்கிருந்து வந்தன.

பின்னவை இரண்டும் துணிச்சலான பெண்ணை நடுவில் வைத்த கதைகள். இரண்டும் பெருவெற்றி பெற்றன. எனவே அத்தகைய பெண்ணை வைத்தே மூன்றாவதாக ஒரு படம் எடுக்க வாசன் விரும்பினார். அவருடைய கதை இலாகா ஒரு கதைக்கருவைச் சொன்னது. கரு அவருக்குப் பிடிக்கவில்லை. கதைநாயகியின் பெயர் மட்டும் பிடித்துவிட்டது. அப்பெயரிலேயே படத்தை விளம்பரப்படுத்திவிட்டார்! சந்திரலேகா வரப்போகிறாள் என்பது தமிழ்நாட்டுக்குத் தெரிந்துவிட்டது. அவள் யார் என்பது அவளைப் படைக்க வேண்டியவர்களுக்கே தெரியவில்லை. தலைப்பை முதலில் எழுதிவிட்டுக் கவிதைக்காகக் காத்திருந்த அனுபவம் இங்குள்ள கவிஞர்களுக்கும் இருக்கக்கூடும். ஆயின் அந்தத் தலைப்பை ஊரெல்லாம் சுவரொட்டியாக ஒட்டிவிட்டுக் காத்திருந்த கவிஞர் எவரும் இரார்.

மாதங்கள் சென்றன, கதை பிறக்கவில்லை. வாசன் பொறுமை இழந்தார். இதனைக் கைவிட்டு ‘அவ்வையார்’ படத்தை எடுக்கப்போவதாகக் கொத்தமங்கலம் சுப்புவிடம் சொன்னார். பிறகு மனமிரங்கி ஒரு வாரம் தவணை கொடுத்தார். அந்த ஒரு வாரத்தில் வழி காட்டியவர் கதை இலாகாவைச் சேர்ந்த வேப்பத்தூர் கிட்டு. பெயரிலேயே கும்பகோணத்துச் சுற்றுப்புறத்தைத் தாங்கியவர் அவர். ஆங்கில நாவலாசிரியர் ஜி. டபிள்யூ. எம். ரெயினால்ட்ஸ் எழுதிய ‘ராபர்ட் மெக்கெய்ர்’ என்னும் நாவலின் முதல் அத்தியாயம் அவர் கண்ணில் பட்டது. இருண்ட இரவு, இங்கிலாந்தின் நாட்டுப்புறச் சாலை, தபால் வண்டியை மறிக்கும் கொள்ளைக் கூட்டம், வண்டிக்குள் ஒளிந்திருக்கும் நாட்டியப் பெண், அவளைச் சவுக்கைக் காட்டி ஆடச் சொல்லும் கொள்ளைத் தலைவன். இவ்வளவுதான் நாவலிலிருந்து வந்தது. வாசனுக்கு இது போதுமானதாக இருந்தது. எஞ்சிய கதையைக் கே. ஜே. மகாதேவன், கொத்தமங்கலம் சுப்பு, சங்கு, நைனா, கிட்டு ஆகிய ஐவரும் கூடி அமைத்தனர்.

ரெயினால்ட்ஸ் அன்றைய தமிழ்நாட்டுக்குப் புதியவர் அல்லர். ஆரணி குப்புசாமி முதலியார் அவருடைய நாவல்களைத் தழுவித் தமிழில் எழுதிக் குவித்திருந்தார். மன்னார்குடிக்கு அருகிலுள்ள வடுவூரில் பிறந்த துரைசாமி ஐயங்காரும் ஆங்கில நாவல்களைத் தழுவியே வாசகர் கூட்டத்தைச் சேர்த்தவர். இலண்டனின் உயர்ந்தோர் அவை கீழே தள்ளிய எழுத்தாளர் ஒருவர், நம் திண்ணைகளில் ஒரு தலைமுறையின் வாசிப்புக்குப் பொருளானார். அந்த வாசிப்பின் எச்சமே கிட்டுவின் கைக்கு வந்த நூல். எனவே ‘சந்திரலேகா’வின் முதல் விதையை ஓர் ஆங்கில நாவல் என்று மட்டும் சொன்னால் போதாது, அதனைத் தேடிப் படித்த தமிழ் வாசகனின் பசியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1943இல் தொடங்கிய பணி 1948இல் முடிந்தது. தொடங்கிய காலம் உலகப் போர்க் காலம். கச்சா பிலிம் கிடைப்பது அருமையாயிருந்தது. கதைப்படம் 11,000 அடிக்கு மேற்படக் கூடாது என்பது அன்றைய அரசின் ஆணை. முடிந்த ‘சந்திரலேகா’ 207 நிமிடம் ஓடுவது. அடிக்கணக்கில் அது ஏறத்தாழ 18,600 ஆகும். 1945 இறுதியில் கட்டுப்பாடு நீங்கியிராவிட்டால் நாம் பார்க்கும் இந்தப் படமே இருந்திராது.

இந்த ஐந்தாண்டுகளில் கைகள் பல மாறின. முதலில் இயக்கியவர் ‘ஆச்சார்யா’ என அறியப்பெற்ற டி. ஜி. ராகவாச்சாரி, ‘மங்கம்மா சபதம்’ படத்தை இயக்கியவர். படத்தில் பாதிக்கு மேல் அவர் எடுத்துமுடித்த நிலையில், கிண்டி கவர்னர் மாளிகைத் தோட்டத்தில் எடுக்க வேண்டிய காட்சிகள் குறித்து வாசனுக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு தோன்றியது, அவர் விலகினார். அதன்பின் வாசனே இயக்குநர் பொறுப்பை ஏற்றார். அதுவரை அவர் எந்தப் படத்தையும் இயக்கியதில்லை. ஒளிப்பதிவைத் தொடங்கியவர் கே. ராம்நாத். காட்சிகளை முன்கூட்டியே வரைந்து திட்டமிட்டதில் அவர் பங்கு பெரிது. 1947 ஆகஸ்டில் அவரும் கலை இயக்குநர் ஏ. கே. சேகரும் ஜெமினியை விட்டுச் சென்றனர். எஞ்சியதைக் கமல் கோஷ் படமாக்கினார்.

நடிகர் தேர்வும் இவ்வாறே திசை மாறியது. வில்லன் சசாங்கன் வேடம் முதலில் எம். கே. ராதாவுக்கு என்றே கருதப்பட்டது. அவர் வில்லனாக நடிக்கத் தயங்கவே, நாயகன் வீரசிம்மன் ஆனார். வாள்வீச்சிலும் நடனத்திலும் தேர்ந்த ரஞ்சன் சசாங்கன் ஆனார். கே. எல். வி. வசந்தாவுக்கு என நினைத்திருந்த சந்திரலேகா வேடம், அவர் ஜெமினியிலிருந்து மாடர்ன் தியேட்டர்ஸுக்குச் சென்றுவிட்டதால் தஞ்சாவூர் டி. ஆர். ராஜகுமாரிக்கு வந்தது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறையிருந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் 1947இல் விடுதலையானார். அவருக்கும் மதுரத்துக்குமாகச் சர்க்கஸ் காட்சிகளில் இடம் செய்யப்பட்டது. சர்க்கஸுக்காகக் கிட்டு ஊர் ஊராகச் சென்று ஐம்பதுக்கும் மேற்பட்ட கூடாரங்களைப் பார்த்துவந்தார் என்பர். இறுதியில் கமலா சர்க்கஸ் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஆட்களும் விலங்குகளுமாக ஜெமினி வளாகத்துக்கு வந்து தங்கியது.

இனி, அந்த முரசு நடனம். படத்தைப் பார்த்தவர்கள் கதையை மறந்திருக்கலாம், முரசுகளை மறந்திரார். சசாங்கனை மணக்கச் சம்மதிப்பதாகச் சந்திரலேகா சொல்கிறாள். அதற்கு முன் ஒரு முரசு நடனம் நடைபெற வேண்டும் என்கிறாள். கோட்டை முற்றத்தில் ஆள் உயரத்திற்கும் மேலான முரசுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றின்மீது பெண்கள் ஆடுகின்றனர். ஆட்டம் முடியும் கணத்தில் முரசுகளின் தோல் கிழிந்து, உள்ளே மறைந்திருந்த வீரசிம்மனின் வீரர்கள் வெளியே பாய்கின்றனர். திராய் நகரத்து மரக்குதிரையை இதற்கு முன்மாதிரியாகச் சொல்வது வழக்கம். அத்துணைத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. உதயணன் கதையில் பிரச்சோதனன் வீரர்களை உள்ளே ஒளித்து அனுப்பிய எந்திர யானை இருக்கிறது. கொங்குவேளிரின் பெருங்கதையைப் பயின்றவர்கள் அதனை அறிவர்.

இந்தக் காட்சிக்கு மட்டும் 400 நடனக் கலைஞர்கள். ஆறு மாத ஒத்திகை. ஐந்து இலட்சம் ரூபாய்ச் செலவு. சேகரின் அரங்கமைப்பும் ராம்நாத்தின் காட்சித் திட்டமும் இதற்கு அடிப்படை. நடன அமைப்பில் ஜெய்சங்கர், திருமதி ரெயின்பேர்டு, நடனம் நடராஜ், நிரஞ்சலா தேவி ஆகியோர் பங்கு கொண்டனர். எஸ். ராஜேஸ்வர ராவின் இசை கருநாடகம், இந்துஸ்தானி, மேனாட்டு வால்ட்ஸ் அனைத்தையும் தொட்டுச் சென்றது. பாடல்களை எழுதியவர்கள் பாபநாசம் சிவனும் கொத்தமங்கலம் சுப்புவும். சிவனும் பழைய தஞ்சை மாவட்டத்துப் போலகத்தில் பிறந்தவரே. முரசுகளின்மீது ஆடிய 400 பேரில் ஒருவர், பிற்காலத்தில் எண்ணற்ற படங்களில் தாயாகவும் பாட்டியாகவும் நடித்த எஸ். என். லட்சுமி. ஏனையோரில் பெரும்பாலோர் பெயர் எங்கும் இல்லை.

மொத்தச் செலவு 30 இலட்சம் ரூபாய் என்பர். அந்நாளில் இந்தியாவில் எந்தப் படத்துக்கும் அவ்வளவு செலவானதில்லை. வாசன் தம் சொத்துக்களை அடகு வைத்தார், கடன் வாங்கினார். தமிழ்ப் படம் கூட்டத்தை ஈர்த்தபோதிலும் போட்ட முதல் திரும்பவில்லை. தமிழ் நிலம் மட்டும் தாங்க முடியாத அளவுக்கு அது பெரிதாக வளர்ந்துவிட்டது. எனவே சில காட்சிகளை மாற்றியும் கூட்டியும், ஆகா ஜானி காஷ்மீரியின் உரையாடலோடும் பண்டித இந்திராவின் பாடல்களோடும் இந்தி வடிவம் உருவானது. 1948 டிசம்பர் 24இல் அது வெளிவந்தது; 600க்கும் மேற்பட்ட பிரதிகள் நாடெங்கும் சென்றன. சென்னையில் செய்த படம் வடநாடு முழுவதையும் வென்றது அதுவே முதன்முறை.

இப்போது தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வரலாம். ‘சந்திரலேகா’ யாருடையது?

திரையில் இயக்குநர் பெயராக வருவது வாசனின் பெயர். பாதிக்கு மேல் இயக்கிய ராகவாச்சாரி எங்கே? காட்சிகளை மனத்தில் முதலில் கண்ட ராம்நாத் எங்கே? கதை ஐவருடையது, அதிலும் முதல் பொறி ஓர் ஆங்கிலேயருடையது.

இது ஜெமினியில் மட்டும் நிகழ்ந்ததன்று. ஹாலிவுட்டின் பெருமைக்குரிய ‘கான் வித் தி விண்ட்’ 1939இல் வெளியானது. அதனை இயக்கத் தொடங்கியவர் ஜார்ஜ் கியூக்கர். படப்பிடிப்பு தொடங்கிய சில வாரங்களில் அவர் நீக்கப்பட்டு விக்டர் பிளெமிங் வந்தார். பிளெமிங் களைப்புற்று ஓய்ந்தபோது சாம் வுட் தொடர்ந்தார். திரையில் பிளெமிங் பெயர் ஒன்றே உண்டு. திரைக்கதையைப் பலர் திருத்தினர்; பென் ஹெக்ட் அவர்களுள் ஒருவர். பெயரும் பரிசும் சிட்னி ஹோவார்டுக்கு வந்தன. பரிசு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. இத்தனை பேரையும் தம் பிடிக்குள் வைத்திருந்தவர் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக். வாசனும் செல்ஸ்னிக்கும் ஒரே வகையினர். எந்தக் காட்சி இருக்க வேண்டும், எது கூடாது என்று தீர்ப்பளித்தவர்கள். அந்தத் தீர்ப்பும் ஒரு படைப்புச் செயலே. கிட்டு சொன்ன அத்தியாயத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்குமுன் வந்த கதைகளைத் தள்ளிய செவி வாசனுடையது. ஐந்தாண்டு இழப்பைத் தாங்கிய நெஞ்சுரமும் அவருடையதே. ஆயினும் தீர்ப்பளித்தவர் ஒருவர் என்பதால் செய்தவரும் ஒருவரே என்று ஆகிவிடாது.

ராகவாச்சாரி குறித்து ஒன்று சொல்ல வேண்டும். 1949இல் ஜெமினி வெளியிட்ட ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தின் இயக்குநர் அவரே. பெயர் இல்லாமற் போன இடத்திலேயே மீண்டும் பெயரோடு நின்றார். ராம்நாத் வெளியே சென்று 1950இல் ‘ஏழை படும் பாடு’ படத்தை இயக்கினார். விக்டர் ஹியூகோவின் நாவலைக் கவியோகி சுத்தானந்த பாரதியார் தமிழாக்கிய நூலே அதன் மூலம். ஜெமினியில் திரைமறைவில் இருந்த ஆற்றல் எத்தகையது என்பதற்கு அப்படம் சான்று.

கவிஞர்கள் கூடிய இந்த அவையில் ஜெமினியின் கதை இலாகாவைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்வது தகும். அங்கே பல ஆண்டுகள் பணியாற்றிய அசோகமித்திரன் அதனைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ச. து. சு. யோகியார், ‘சுதந்திரச் சங்கு’ இதழால் பெயர்பெற்ற சங்கு சுப்பிரமணியம், தெலுங்குக் கவிஞர் கிருஷ்ண சாஸ்திரி, ஹரீந்திரநாத் சட்டோபாத்தியாயா முதலியோர் நடமாடிய இடம் அது. எந்நேரமும் நல்ல காப்பி கிடைத்த இடமும்கூட. ஆங்கிலக் கவிஞர் ஸ்டீபன் ஸ்பெண்டர் ஒருமுறை அங்கே வந்து உரையாற்றினார். எளிய மக்களுக்காகப் படம் எடுக்கும் ஓரிடத்தில் அவர் எதற்காகப் பேசுகிறார் என்பது கேட்டவர்களுக்கு விளங்கவில்லை. அவர் யார் என்பதே அசோகமித்திரனுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியவந்தது. நகைப்புக்குரிய செய்திதான். ஆனால் அதனடியில் ஒரு வருத்தமும் இருக்கிறது. கவிஞர்கள் நிறைந்த ஒரு கூடத்தில் கவிதைக்கு வேலை இல்லாதிருந்தது என்பதே அது.

‘சந்திரலேகா’வின் குறையும் அதுவே. ஐவர் எழுதிய அக்கதையில் எவருடைய உள்ளத்தையும் நாம் காண்பதில்லை. வீரசிம்மன் நல்லவன், சசாங்கன் தீயவன், ஏன் என்று கேட்க நேரமில்லை. ஒரு காட்சி முடியுமுன் அதைவிடப் பெரிய காட்சி வந்து நிற்கிறது. குழுவினால் வியப்பை உண்டாக்க முடிந்தது. ஒரு மனிதனின் தனிமையை எழுத முடியவில்லை.

இதற்கு எதிர்ச்சான்று அதே கொத்தமங்கலம் சுப்புவிடம் உண்டு. ‘கலைமணி’ என்னும் புனைபெயரில் அவர் ஆனந்த விகடனில் எழுதிய ‘தில்லானா மோகனாம்பாள்’ இந்தச் சோழநாட்டுத் தெருக்களிலும் கோயில் வாசல்களிலும் நடக்கிறது. சிக்கல் சண்முகசுந்தரத்தின் செருக்கையும் திருவாரூர் மோகனாம்பாளின் மானத்தையும் எந்த இலாகாவும் கூடிப் பேசி எழுதிவிட முடியாது. அது ஒருவர் தாமே கேட்டு, கண்டு, நெடுநாள் நெஞ்சில் வைத்திருந்து எழுதுவது. 1968இல் ஏ. பி. நாகராசன் அதனைப் படமாக்கினார். உரிமைக்காக அவர் வாசனிடம் 25,000 ரூபாய் கொடுத்ததாகவும், பின்னர்ச் சுப்புவிடம் சென்றபோது அந்தத் தொகை முழுவதையும் வாசன் ஏற்கெனவே சுப்புவிடமே சேர்த்துவிட்டது தெரியவந்ததாகவும் திரையுலகினர் கூறுவர். பெயரைத் தம்மிடம் வைத்துக்கொண்ட வாசனும் பொருளை உரியவரிடம் சேர்த்த வாசனும் ஒருவரே. மனிதரை எடைபோடும்போது இரண்டு தட்டையும் பார்க்க வேண்டும்.

எனினும், தனியொருவர் எழுத்தே உயர்ந்தது என்று முடித்துவிடுவதும் பிழையாகும். முரசு நடனத்தைத் தனியொருவர் செய்திருக்க இயலாது. இதற்குச் சான்று இந்த ஊரிலேயே உண்டு. 1930 ஏப்ரல் 13இல் இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து புறப்பட்டனர். திருத்துறைப்பூண்டி வழியாக 28ஆம் நாள் இங்கு வந்துசேர்ந்து, 30ஆம் நாள் உப்பெடுத்தனர். அவர்கள் பாடிவந்த நடைப்பாட்டு, அதற்கென்றே நாமக்கல் கவிஞர் எழுதித் தந்தது. எழுதியவர் ஒருவர். ஆனால் அந்தப் பாட்டைப் பாட்டாக்கியவை, அடக்குமுறைக்கு அஞ்சாமல் பதினைந்து நாள் நடந்த கால்கள். பாட்டின் ஆசிரியர் பெயரை நாடு அறியும். நடந்தவர்களின் பெயர்களையும் தேடிச் சேர்த்தவர்கள் இருந்ததால்தான் அவர்களுள் பலர் இன்று நமக்குத் தெரிகின்றனர். ‘சந்திரலேகா’வின் நானூறு பேருக்கு அப்படித் தேடிச் சேர்த்தவர் இல்லை.

வாசன் 1969இல் மறைந்தார். ஜெமினி ஸ்டூடியோ இன்று இல்லை. 1973இல் கட்டிய மேம்பாலத்துக்கு அண்ணாவின் பெயரைச் சூட்டியபின்னும், ‘ஜெமினி’ என்றே சென்னை மக்கள் அவ்விடத்தைச் சொல்கின்றனர். படம் இருக்கிறது, வீரர்கள் முரசைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதை இன்றும் காணலாம். அவர்களுள் ஒருவர் பெயரையும் நாம் சொல்ல முடியாது.

ஓர் இலக்கிய வட்டமும் ஒருவகையில் கதை இலாகாதான். ஒருவர் படித்த கவிதையில் மற்றவர் சொன்ன திருத்தம் கலந்திருக்கும். விழாவுக்குப் பந்தல் போட்டவர், அழைப்பிதழ் அச்சிட்டவர், மலருக்கு மெய்ப்புத் திருத்தியவர், நாற்காலி தூக்கிவந்த இளைஞர் ஆகியோர் இல்லாமல் பத்தாண்டு நிறைந்திராது. இம்மலரில் கவிதைகளுக்குக் கீழே கவிஞர் பெயர்கள் இருக்கும். கடைசிப் பக்கத்தில் இவர்கள் பெயர்களும் இருக்கட்டும். ஊரோடும் செய்த பணியோடும் இருக்கட்டும். ஐம்பது ஆண்டு கழித்து எவரேனும் இம்மலரைப் புரட்டும்போது, இவ்வட்டத்தை நடத்தியவர் யார் என்ற கேள்விக்கு ஒரே ஒரு பெயர் விடையாக இருக்கக் கூடாது.

கவிதையைத் தனியே இருந்து எழுதுங்கள். அது நிற்பதற்குக் கை கொடுத்தவர்களை எழுத்தில் வையுங்கள். திருத்துறைப்பூண்டியில் பிறந்த ஒருவரின் வெற்றியிலிருந்தும் அதில் விடுபட்ட பெயர்களிலிருந்தும் இந்த அவை பெறத்தக்க பாடம் இதுவே.